நிலவியல் களப்பயணம்: பஸ் ஏறும் முன் வரும் கேள்விகள்

தை பிறந்த கையோடு நிலவியல் பொறியியல் மாணவர்களை அழைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து புறப்படுவது என் வழக்கம். பெரம்பலூர், அரியலூர், நெய்வேலி, நாமக்கல், சேலம், கடைசியாக நீலகிரி என்று எட்டு நாள் சுற்று. ஆண்டுதோறும் மாணவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. மாணவர்கள் கேட்பவை, பெற்றோர் தொலைபேசியில் கேட்பவை, கூச்சப்பட்டுக் கடைசி நாளில் கேட்பவை எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

படமும் காணொளியும் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது எட்டு நாள் வெயிலில் அலைவது எதற்கு?

பரிசோதனைக்கூடத்துத் தட்டில் இருக்கும் கல் யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்தது. அதற்குப் பெயர்ச்சீட்டு இருக்கும், அழகான படிகம் இருக்கும், கைக்கு அடங்கும் அளவும் இருக்கும். மலைச்சரிவைச் சரியவைக்கும் விரிசல் மட்டும் அதில் இருக்காது. விரிசல் ஓடிய இடத்தில்தானே அந்தக் கல் உடைந்து தனியாக வந்தது!

1959 டிசம்பர் 2 இரவு தெற்கு பிரான்சில் மால்பாசே அணை உடைந்து 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 60 மீட்டருக்கு மேல் உயரமான, மெல்லிய கான்கிரீட் வளைவு அணை அது. கோளாறு கான்கிரீட்டில் இல்லை. இடது கரையில் அணையைத் தாங்கிய பட்டை பட்டையான நைஸ் பாறைக்குள், இலைகள்போல் அடுக்காக ஓடும் இலையமைவுத் தளங்களும், பாறை இடம்பெயர்ந்த ஒரு பெயர்ச்சிப் பிளவும் சேர்ந்து, ஆப்பு வடிவில் ஒரு பெரும் பாறைத்துண்டைப் பிரித்து வைத்திருந்தன. தேங்கிய நீரின் அழுத்தம் அந்த ஆப்பை நகர்த்திவிட்டது. அந்தப் பாறையில் ஒரு கைப்பிடிக் கல்லை எடுத்து எந்திரத்தில் நசுக்கிப் பார்த்திருந்தால் நல்ல வலிமையைத்தான் காட்டியிருக்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பதும் நைஸும், சார்னோகைட் என்ற கெட்டிப் பாறையும்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

ஏன் தை, மாசி? விடுமுறையில் மே மாதம் போகக் கூடாதா?

மே மாத வெயிலில் அரியலூரில் பாறையைத் தொட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியின் களிமண் செருப்போடு சேர்த்துக் காலையும் பிடித்துக்கொள்ளும். நீலகிரிச் சாலைகள் எப்போது மூடப்படும் என்றும் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு ஓடைகளின் கரைகள் புதிதாக அரிக்கப்பட்டிருக்கும், செடிகொடியும் காயத் தொடங்கியிருக்கும். பாறை தன் முகத்தைக் காட்டுவது அந்த இரண்டு மாதங்களில்தான்.

என்னென்ன எடுத்து வர வேண்டும்?

கணுக்காலை மூடும் காலணி, தொப்பி, முழுக்கைச் சட்டை, 3 லிட்டர் தண்ணீர் கொள்ளும் பாட்டில்கள். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். சட்டைப்பையில் போட்ட லென்ஸ் முதல் ஓடையிலேயே விழுந்துவிடும். கெட்டி அட்டை நோட்டு, பென்சில்கள், மாதிரிப் பைகள், அழியாத மை பேனா. பென்சில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: வியர்வை பட்டால் பேனா மை கலையும், பென்சில் எழுத்து கலையாது. சுத்தியல், பாறையின் திசையையும் சாய்வையும் அளக்கும் பிரன்டன் காம்பஸ், 30 மீட்டர் நாடா, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், கண்ணாடிக் கவசம், தலைக்கவசம் ஆகியவை துறையிலிருந்து வரும்.

நிலவரைபடங்களை வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்களும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளமும் இணையத்தில் இருக்கின்றன. வரைபடத்தைப் பார்க்காமல் வருபவர் எட்டு நாளும் பஸ்ஸின் ஜன்னல் வழியாக வேப்பமரங்களைத்தான் பார்ப்பார்.

சுத்தியல் எல்லாருக்கும் கிடைக்குமா?

நான்கு பேருக்கு ஒன்று. அதுவே அதிகம் என்பது என் கருத்து. கையில் சுத்தியல் கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிட்டு அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் பத்து நிமிடம் பாறையை யாரும் தொடக் கூடாது என்பது எங்கள் விதி.

அடிப்பதற்கும் ஒரு பொருள் இருக்க வேண்டும். பன்னாட்டுப் பாறை இயக்கவியல் சங்கத்தின் களக் கணிப்பு முறைப்படி, கட்டைவிரல் நகம் பதிந்தால் அந்தப் பாறையின் அமுக்க வலிமை 1 மெகாபாஸ்கலுக்கும் கீழே. கத்தியால் எளிதாகச் சீவ முடிந்தால் 1 முதல் 5. சீவச் சிரமப்பட்டால் 5 முதல் 25. சுத்தியலின் ஒரே அடியில் உடைந்தால் 25 முதல் 50. ஒன்றுக்கு மேல் அடி தேவைப்பட்டால் 50 முதல் 100. பல அடிகள் வாங்கிய பிறகே உடைந்தால் 100 முதல் 250. வெறும் சில்லு மட்டும் தெறித்தால் 250க்கும் மேல். காரையின் களிமண்ணிலிருந்து சேலத்துச் சார்னோகைட் வரை இந்த ஏணியின் பெரும்பாலான படிகளை நீங்கள் கையாலேயே உணர்ந்துவிடலாம்.

கண்ணாடிக் கவசம் இல்லாமல் அடிக்கக் கூடாது. ஒரு சுத்தியலின் தலையை இன்னொரு சுத்தியலால் ஒருபோதும் அடிக்காதீர்கள்; எஃகுச் சில்லு கண்ணுக்குள் பாயும்.

களநோட்டில் என்ன எழுத வேண்டும்?

இடது பக்கத்தின் தலைப்பு 'கண்டது'. வலது பக்கத்தின் தலைப்பு 'கருதியது'. இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொடுக்கும் ஒரே பாடம் இதுதான் என்றுகூடச் சொல்வேன்.

'சாம்பல் நிறம், மணிகள் 2 மில்லிமீட்டர், கருப்பும் வெள்ளையுமான பட்டைகள், பட்டைகள் தென்கிழக்கில் 60 பாகை சாய்கின்றன': இது கண்டது. 'நைஸ், அழுத்தத்தால் உருமாறியது': இது கருதியது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டால், பிறகு கருத்து தவறு என்று தெரியவரும்போது கண்டதும் அதோடு சேர்ந்து போய்விடும். என் மாணவப் பருவத்து நோட்டில் ஒரு பக்கம் முழுவதும் 'படுகை, படுகை' என்று எழுதி வைத்திருக்கிறேன். அவை வண்டல் படிந்த படுகைகள் அல்ல, உருமாற்றத்தால் வந்த இலையமைவு. என் ஆசிரியர் ஒரு கோடு போட்டு, 'படுகை என்று உன்னிடம் சொன்னது யார்?' என்று எழுதியிருந்தார். பட்டையின் நிறம், தடிமன் எதையும் நான் எழுதி வைக்கவில்லை. ஆகவே அந்தப் பக்கம் இன்று எதற்கும் உதவாது.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் செய்தி பரவியது உங்களுக்கு நினைவிருக்கலாம். உருண்டையாகப் பெரிய கற்கள். படங்கள் ஊரெல்லாம் சுற்றின. நிலவியலாளர்கள் போய்ப் பார்த்து, அவை அம்மோனைட் என்ற சுருள் ஓடுள்ள பழங்காலக் கடல் உயிரின் எச்சங்களைச் சுற்றி வளர்ந்த உருண்டைப் படிவங்கள் என்று சொன்னார்கள். 'உருண்டை' என்பது கண்டது. 'முட்டை' என்பது கருதியது. முட்டை என்றால் மெல்லிய ஓடும் அதில் நுண்துளைகளும் தெரிய வேண்டும். உருண்டைப் படிவம் என்றால் உள்ளே வரை கெட்டியாக, பல நேரம் நடுவில் ஒரு கிளிஞ்சலோடு இருக்கும். உடைந்த ஒரு விளிம்பை லென்ஸால் பார்த்திருந்தால் அன்று மாலையே விஷயம் முடிந்திருக்கும்.

எங்களுக்குப் புதைபடிவம் எதற்கு? நாங்கள் அணையும் சுரங்கப்பாதையும் கட்டப்போகிறவர்கள்.

நியாயமான கேள்வி. காரையிலும் குளக்கல்நத்தத்திலும் நிலம் வெட்டவெளியாக, பள்ளமும் மேடுமாக அரிக்கப்பட்டுக் கிடக்கும். வெளிறிய களிமண், அதன் குறுக்கே கண்ணாடிபோல் மின்னும் ஜிப்சம் நரம்புகள், காலடியில் துப்பாக்கித் தோட்டாபோல் பெலம்னைட்டுகள், இடையிடையே அம்மோனைட் துண்டுகள். இவை கடல் உயிர்கள். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் இங்கே வரை வந்திருந்தது என்று இவற்றைக் கொண்டுதான் சொல்கிறோம். நிலவியலாளர் பிளான்ஃபோர்ட் 1860களில் இந்த நிலத்தின் பாறை அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பிரித்ததும், புதைபடிவ அறிஞர் ஸ்டோலிக்ஸ்கா இங்குள்ள கிளிஞ்சல்களையெல்லாம் தொகுதி தொகுதியாக விவரித்ததும் உலகெங்கும் இந்த ஊர்ப் பெயர்களைப் பரப்பின.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். ஈரம் பட்டால் வீங்கி, காய்ந்தால் வெடிக்கும் களிமண்ணில் ஜிப்சமும் சேர்ந்திருந்தால், அங்கே சாதாரண சிமென்டில் அடித்தளம் போடலாமா? ஜிப்சத்தின் சல்ஃபேட் கான்கிரீட்டைத் தின்னும். அந்தக் களிமண் அடுக்கு எதுவரை நீள்கிறது, அடுத்த ஊரில் இருப்பதும் இதே அடுக்குதானா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? ஒரே வகை அம்மோனைட் இரண்டு இடங்களிலும் இருக்கிறதா என்று பார்த்துத்தான். இருபது ஆழ்துளைகள் போடும் செலவைச் சில சமயம் ஒரு கிளிஞ்சல் குறைத்துவிடும்.

(நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்தான். பூஜை அறையில் அதைப் பார்த்துப் பழகியவர்கள் காரையில் முதல் சுருளைக் கண்டதும் ஒரு நிமிடம் பேச்சற்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.)

சாத்தனூர்க் கல்மரத்துக்கு எவ்வளவு நேரம்?

ஒரு மணி நேரம். 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள மரத்தண்டு கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் அதை அறிவித்தவர் எம்.எஸ். கிருஷ்ணன், பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். படம் எடுத்து முடித்த பிறகு ஒரு கேள்வி கேட்பேன்: சுற்றியிருக்கும் பாறையில் கடல் கிளிஞ்சல் இருக்கிறது, நடுவில் நிலத்து மரம் கிடக்கிறது, எப்படி? பதில் எழுதும்முன் இடது பக்கத்தை நிரப்புங்கள். வேர் இருக்கிறதா, கிளை இருக்கிறதா, தண்டு எந்தத் திசையில் கிடக்கிறது?

வேலிக்குள் கை வைக்கக் கூடாது. இது பாதுகாக்கப்பட்ட இடம்.

நெய்வேலியில் ராட்சத எந்திரம் பார்க்கலாமா?

பார்க்கலாம். சக்கரத்தில் வாளிகள் பொருத்திய அந்த எந்திரங்களைப் பார்க்காமல் யாரும் திரும்ப முடியாது. ஆனால் நான் உங்களை அங்கே அழைத்துப்போவது கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக.

பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு மேலே கடலூர் மணற்கல். கீழே மணல் அடுக்குக்குள் அழுத்தத்தில் அடைபட்ட நீர். மேலே இருக்கும் மண்ணையெல்லாம் வெட்டி எடுத்தால், கீழிருக்கும் நீரை அமுக்கி வைத்திருந்த எடை போய்விடுகிறது. அப்போது குழியின் தரையே பொங்கி எழும், அல்லது உடைந்து நீர் பீறிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்குழாய்கள் போட்டு இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தோண்டிய கிணற்றில் கரிய பொருள் வெளிப்பட்ட கதையை எல்லாரும் சொல்வார்கள். கரி இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதை எடுப்பதற்குப் பெரிய தடையாக நின்றது இந்த நீர்தான் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மொத்த அழுத்தத்திலிருந்து நீரின் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதை வகுப்பில் 'செயல்திறன் தகைவு' என்று மனப்பாடம் செய்தீர்களே, அது இங்கே குழாய் குழாயாக ஓடிக்கொண்டிருக்கிறது.

சுரங்கத்துக்குள் போக எழுத்துமூல அனுமதி வேண்டும். ஒரு முறை வேறொரு சுரங்கத்தில் தொலைபேசியில் கிடைத்த 'சரி, வாருங்கள்' என்ற சொல்லை நம்பிப் போய், வாயிலில் இரண்டு மணி நேரம் வேர்க்கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். அதன்பிறகு முத்திரையிட்ட கடிதம் இல்லாமல் பஸ்ஸை அசைப்பதில்லை.

சேலத்துச் 'சாக் ஹில்ஸ்' சுண்ணாம்பு மலைதானே?

இல்லை. ஆங்கிலேயர் வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்துச் சுண்ணக் குன்று என்று பெயர் வைத்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் 'வெள்ளைக்கல்' என்றே சொல்கிறார்கள். கண்டதை மட்டும் சொல்லும் பெயர், எனக்குப் பிடித்த பெயர். அது மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். டுனைட் என்ற பச்சைநிறப் பாறையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய நரம்புகள். நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விடுங்கள். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் பொங்கிய அமிலம் இங்கே சும்மா கிடக்கும். 'அமிலம் பழசாகிவிட்டது' என்று ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது சொல்வார். பையிலிருக்கும் அரியலூர்க் கல்லில் ஒரு சொட்டு விட்டுக் காட்டுவேன், அது பொங்கும்.

கஞ்சமலையில் காம்பஸ் கெட்டுவிடும் என்கிறார்களே?

கெடாது, ஏமாறும். சேலத்துக்கு அருகே இருக்கும் இந்த மலையில் பட்டை பட்டையாக மேக்னடைட் இரும்புத்தாது இருக்கிறது. ஊசி வடக்கைக் காட்டாமல் பாறையைக் காட்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி நில அளவை வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்ததுதான்: 'அ'விலிருந்து 'ஆ'வைப் பார்த்துத் திசைக்கோணம் எடுங்கள், பிறகு 'ஆ'விலிருந்து 'அ'வைப் பாருங்கள். இரண்டுக்கும் 180 பாகை வித்தியாசம் வராவிட்டால் இரண்டில் ஓர் இடத்திலாவது உள்ளூர் ஈர்ப்பு இருக்கிறது. அப்போது ஊசியை நம்பாமல், வரைபடத்தில் இருக்கும் கோபுரத்தையோ குன்றையோ அடையாளமாக வைத்துக் கோணத்தைக் கணக்கிட வேண்டும். சித்தர் கோயிலுக்கு வரும் பக்தர்கள் நாங்கள் பாறையில் காந்தத்தை ஒட்டவைத்துப் பார்ப்பதை வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களுக்கும் ஒரு காந்தத்தைக் கொடுங்கள்.

கைப்பேசிச் செயலி காம்பஸுக்கு மாற்றாகுமா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. விரைவாக நிறைய அளவுகள் எடுக்க உதவும். ஆனால் உறையில் காந்தப் பூட்டு இருந்தால் கஞ்சமலையைச் சட்டைப்பையிலேயே சுமந்துகொண்டு திரிகிறீர்கள் என்று பொருள். ஒவ்வொரு நாள் காலையும் கைப்பேசியின் அளவைப் பிரன்டனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சித்தம்பூண்டியில் வயல்வெளியில் எதற்காக இறங்குகிறோம்?

நாமக்கல் மாவட்டத்தில் அங்கே தெரியும் வெளிர்நிறப் பாறை அனார்த்தோசைட். நிலவின் மேட்டுநிலப் பாறையும் அதே வகை. சந்திரயான் ஊர்தியைச் சோதிக்க நிலவு மண்ணைப் போன்ற ஒன்றைச் செய்ய இஸ்ரோ இந்தப் பகுதியின் பாறையைத்தான் பொடித்தது. பயிர் இருக்கும் வரப்பில் நடக்காதீர்கள்.

கல்குவாரியில் ஒரு நாள் முழுவதும் நாடாவோடு நிற்க வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

உண்மை. எட்டு நாளில் சலிப்பு மிகுந்த நாளும் அதுதான், பொறியாளருக்கு மிக முக்கியமான நாளும் அதுதான்.

சேலத்துக்கு அருகே கைவிடப்பட்ட ஒரு குவாரியின் சுவரில் 30 மீட்டர் நாடாவை நேராகக் கட்டுவோம். நாடாவைத் தொட்டுச் செல்லும் ஒவ்வொரு விரிசலுக்கும் ஒரு வரி எழுத வேண்டும்: நாடாவில் எத்தனையாவது மீட்டர், சாய்வு எத்தனை பாகை, எந்தத் திசையில் சாய்கிறது, எவ்வளவு நீளம் தெரிகிறது, வாய் எத்தனை மில்லிமீட்டர் திறந்திருக்கிறது, உள்ளே களிமண்ணா வெறும் துருவா, முகம் சொரசொரப்பா வழவழப்பா, நீர் கசிகிறதா. நூறு அளவுகளுக்குக் குறையாமல் எடுங்கள். மாலையில் அவற்றை, ஒரு விரிசலின் திசையையும் சாய்வையும் ஒரே புள்ளியாகக் காட்டும் வட்ட வலையில் குறித்தால், சிதறிக் கிடந்த விரிசல்கள் மூன்று நான்கு கூட்டங்களாகத் திரளும். அந்த நொடியில் அறையில் ஒரு சத்தம் எழும்; காலையிலிருந்து முனகியவர்கள்தான் சத்தம் போடுவார்கள்.

ஒரு பொறி இருக்கிறது. நாடாவுக்கு இணையாக ஓடும் விரிசல்கள் நாடாவை வெட்டுவதே இல்லை. ஆகவே உங்கள் பட்டியலில் அவை இடம்பெறா. நிலவியலாளர் ரூத் டெர்சாகி 1965இல் இதற்குத் திருத்தம் சொன்னார். நாங்கள் திருத்தத்தோடு நிற்காமல், செங்குத்தாக இன்னொரு நாடாவையும் கட்டுகிறோம். காணாததற்குத் திருத்தம் போடுவதைவிடப் போய்க் கண்டுவிடுவது நல்லது.

கையோடு பாறைத்தரத்தையும் கணக்கிடலாம். ஆழ்துளைக் கல்லில் 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள துண்டுகளின் கூட்டுத்தொகையை மொத்த நீளத்தால் வகுத்து விழுக்காடாகச் சொல்வது ஆர்.க்யூ.டி. துளையே போடாத இடத்தில், ஒரு கன மீட்டருக்குள் எத்தனை விரிசல் என்று எண்ணி, அந்த எண்ணை 3.3ஆல் பெருக்கி 115இலிருந்து கழித்தால் தோராயமான மதிப்பு கிடைக்கும். விரிசல் 15 என்றால் 65 சொச்சம். இதோடு கல்லின் வலிமை, விரிசல்களின் இடைவெளி, அவற்றின் நிலை, நிலத்தடி நீர் ஆகியவற்றையும் சேர்த்து மதிப்பெண் போடும் முறையைப் பாறைப் பொறியாளர் பீனியாவ்ஸ்கி 1973இல் கொடுத்தார். இரண்டு குழுக்கள் ஒரே சுவருக்கு 15 மதிப்பெண் வித்தியாசத்தில் எண் கொடுத்ததுண்டு. அன்று இரவு விவாதம் பத்து மணி வரை நீண்டது. வித்தியாசம் முழுவதும் 'விரிசலின் நிலை' என்ற ஒரே தலைப்பில் இருந்தது. ஒரு குழு சுவரின் நிழல் பகுதியை அளந்திருந்தது, இன்னொன்று வெயிலில் காய்ந்த பகுதியை.

நீலகிரியில் பாறையே தெரியாதே, அங்கே எதைப் பார்ப்பது?

பாறை மறைந்திருப்பதுதான் அங்கே பாடம். சார்னோகைட் மழையிலும் வெப்பத்திலும் சிதைந்து தடித்த செம்மண்ணாக மாறி மலையைப் போர்த்தியிருக்கிறது. மேட்டுப்பாளையம் குன்னூர் சாலையின் வெட்டுச்சரிவுகளில் மேலே செம்மண், நடுவில் மண்ணுக்குள் உருண்டைப் பாறைகள், அடியில் புதுப்பாறை என்று முழு வரிசையையும் பார்க்கலாம். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நிலச்சரிவுகளால் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மண்ணுக்கும் பாறைக்கும் இடையே நீர் தேங்கி அழுத்தம் ஏறும்போது மேலே இருக்கும் போர்வை வழுக்குகிறது.

அடியில் வளைந்து மேலே நிமிர்ந்த மரங்கள், சாலை ஓரத்தில் பிறை வடிவ விரிசல், வயிறு தள்ளிய தடுப்புச்சுவர், அடைபட்ட வடிகால் துளைகள், முன்பு இல்லாத ஊற்று: இவற்றை எண்ணிக்கொண்டே நடங்கள். தடுப்புச்சுவரில் துளை வைத்திருப்பார்கள். அதன் பின்னால் வடிகட்டும் சல்லி இருக்காது. அந்தத் துளை அலங்காரம்தான். சாலை அகலப்படுத்தச் சரிவின் அடியை வெட்டியிருக்கிறார்களா என்று தவறாமல் பாருங்கள். மழை பெய்தால் இந்த நாளை ரத்து செய்துவிட்டுக் கோயம்புத்தூரில் அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். நிலச்சரிவைப் படிக்கப் போய் நிலச்சரிவில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மகளை அனுப்பலாமா? பாதுகாப்பு, கழிப்பறை எல்லாம் எப்படி?

அனுப்பலாம். பெண் ஆசிரியர் ஒருவர் எட்டு நாளும் உடன் வருகிறார். நேரத் திட்டத்தில் இரண்டரை மணிக்கு ஒரு முறை கழிப்பறை உள்ள இடத்தில் நிறுத்தம் இருக்கிறது. பாறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த நிறுத்தம் தள்ளிப்போகாது. முன்பெல்லாம் இந்த ஏற்பாடு இல்லை. பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழித்து மயங்கியதைப் பார்த்த பிறகு வந்த புத்தி இது. மாதவிடாய் நாளில் மலையேற வேண்டாம் என்றால் காரணம் கேட்க மாட்டோம்.

'சுரங்க வேலைக்குப் பெண்களை எடுப்பார்களா?' என்று ஒரு தாய் கேட்டார். சுரங்கச் சட்டம் நிலத்தடிப் பணியில் பெண்களைத் தடுத்தே வைத்திருந்தது. 2019இல் அந்தத் தடை நிபந்தனைகளோடு தளர்த்தப்பட்டது. ஆகவே இப்போது கற்பது வீண் போகாது.

எனக்கு முட்டியில் அறுவை நடந்திருக்கிறது. வர முடியுமா?

வாருங்கள். சாத்தனூர், வாரணவாசி அருங்காட்சியகம், நெய்வேலியின் பார்வை மேடை, குவாரியின் தரை எல்லாம் பஸ் நிற்கும் இடத்திலிருந்து சில அடிகள்தான். கஞ்சமலை ஏறும் நாளில் கீழே இருந்துகொண்டு மலையின் குறுக்குத்தோற்றத்தை வரைய ஒருவர் எப்படியும் தேவை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த வேலையைச் செய்த மாணவரின் படத்தை இன்றும் வகுப்பில் காட்டுகிறேன். மேலே ஏறியவர்கள் யாரும் மலையின் மடிப்பைப் பார்க்கவில்லை, அவர் பார்த்தார்.

ஊர்க்காரர்கள் வந்து 'புதையலா, தங்கமா?' என்று கேட்டால்?

உண்மையைச் சொல்லுங்கள்: மாணவர்கள், பாறையைப் படிக்க வந்திருக்கிறோம். காவிரிப் படுகையில் குழாயும் கருவியுமாக வருபவர்களைப் பார்த்தால் மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்று மக்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020இல் டெல்டாவுக்கு வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. ஆகவே கேலியாகப் பதில் சொல்லாதீர்கள். கல்லூரிக் கடிதத்தைக் காட்டுங்கள், நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கிணறு வெட்டிய அனுபவமுள்ள பெரியவர் யாராவது அகப்பட்டால் அரை மணி நேரம் அவரிடம் உட்காருங்கள். எத்தனை அடியில் சுக்கான்பாறை வந்தது, எத்தனை அடியில் ஊற்று திறந்தது என்று அவர் சொல்வது ஓர் ஆழ்துளை அறிக்கைக்குச் சமம். அதையும் நோட்டில் எழுதுங்கள். எந்தப் பக்கத்தில்? அவர் தோண்டிக் கண்டதை இடது பக்கத்தில், அவர் பெயரோடு.

சாப்பாடு?

காலையும் இரவும் தங்குமிடத்தில். மதியம் கட்டுச்சோறு: புளியோதரை, தயிர்சாதம், ஊறுகாய். அமிலம் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

மதிப்பெண் எதற்கு, எவ்வளவு?

களநோட்டுக்குப் பாதி, அறிக்கைக்குப் பாதி. நோட்டை அன்றன்று இரவே வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். ஊருக்குத் திரும்பியபின் அழகாகப் படியெடுத்த நோட்டுக்குச் சுழியம். மண் ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை, பாறையின் முன் நின்று எழுதியதாக இருக்க வேண்டும். அறிக்கையில் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிய பத்திகள் சில ஆண்டுகளாக வருகின்றன. உடனே தெரிந்துவிடும்: கஞ்சமலையைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும், காம்பஸ் ஏமாற்றியதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

கற்களை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா?

பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து ஒரு துண்டும் கூடாது. சாத்தனூரைப் போலவே, விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் திருவக்கரைக்கு நீங்களாகப் போனாலும் இது பொருந்தும். சுரங்கத்திலும் குவாரியிலும் மேலாளர் அனுமதித்தால் உடைந்து கிடப்பதிலிருந்து கைப்பிடி அளவில் ஒன்று எடுக்கலாம். எடுத்த கையோடு கல்லிலேயே எண் எழுதுங்கள், பையின் மேலும் எழுதுங்கள், நோட்டிலும் எழுதுங்கள்: தேதி, ஜிபிஎஸ் புள்ளி, பாறையில் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று ஓர் அம்புக்குறி. எண் இல்லாத கற்களைத் திரும்பும் வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவேன். முதல் ஆண்டு மாணவர்கள் அவற்றைக் கதவு நிறுத்த வைத்துக்கொள்கிறார்கள்.